பிட்எக்ஸ்40-ல் சி.டபிள்யூ. கேட்க ஆக்டிவ் ஆடியோ ஃபில்டர்: எப்படி வேலை செய்கிறது, எங்கே கைவிடும்

கேள்வி இதுதான்: உங்களிடம் இருப்பது பிட்எக்ஸ்40 என்கிற 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) ஹாம் (அமெச்சூர்) ரேடியோ. 40 மீட்டரில் எஸ்.எஸ்.பி. (ஒரு பக்கப்பட்டையை மட்டும் அனுப்பும் முறை) பேச்சு நன்றாகவே கேட்கிறது, ஆனால் 7.000 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய சி.டபிள்யூ. (மோர்ஸ் தந்தி) பகுதிக்குப் போனால் மூன்று நான்கு ஸ்டேஷன்கள் ஒரே நேரத்தில் கேட்டு எதையும் காப்பி எடுக்க (எழுத்தாகப் பிரித்துக் கேட்க) முடியவில்லை. ஆக்டிவ் ஆடியோ ஃபில்டர் போட்டால் சரியாகுமா, அது எப்படி வேலை செய்கிறது, கடையில் கிடைக்கும் சாமானில் நாமே கட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டலாம் ஓ.எம். (ஹாம் வழக்கில் 'நண்பரே'), நிறையவே உதவும். ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு கட்டுங்கள். இல்லையென்றால் "எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது" என்று போய், கடைசியில் மணி அடிப்பது போல ஒலிக்கும் ஒரு பெட்டிதான் மிஞ்சும்.

முதலில் பிரச்சினை எங்கே என்று பாருங்கள். அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸில் 12 மெகாஹெர்ட்ஸ் ஐ.எஃப்.பில் (வந்த சிக்னலை மாற்றிக் கொண்டுபோகும் இடைநிலை அதிர்வெண்ணில்) ஒரு கிரிஸ்டல் ஃபில்டர் இருக்கிறது, அது பேச்சுக்காகப் போட்டது. மனிதக் குரல் புரிய சுமார் 300 ஹெர்ட்ஸிலிருந்து 2700 ஹெர்ட்ஸ் வரை வேண்டும், அதனால் அந்த ஃபில்டரும் 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அகலமாகத்தான் இருக்கும். ஒரு சி.டபிள்யூ. சிக்னலோ நிமிடத்துக்கு 20, 25 வார்த்தை வேகத்தில் கூட 100, 150 ஹெர்ட்ஸ் இடத்துக்குள் அடங்கிவிடும். ஆக, ஒருவர் உட்கார வேண்டிய இடத்தில் பத்துப் பேருக்கு மேல் உட்கார இடம் விட்டிருக்கிறது உங்கள் ரேடியோ. அவர்கள் எல்லோரும் ஆடியோவில் வெவ்வேறு ஸ்ருதியில் வந்து விழுகிறார்கள்: ஒருவர் 500 ஹெர்ட்ஸ், ஒருவர் 730, ஒருவர் 1200. ஸ்ருதி வேறு வேறாக இருப்பதால்தான் ஆடியோவிலேயே அவர்களைப் பிரிக்க முடிகிறது.

பிரிப்பதற்குப் பழைய வழி காயிலும் (கம்பிச் சுருள்) கண்டென்சரும். ஆடியோ அதிர்வெண்ணில் ரெசனன்ஸ் (ஒத்ததிர்வு) வேண்டுமென்றால் காயில் பெரியதாக வேண்டும். 0.01 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரோடு 700 ஹெர்ட்ஸில் ரெசனன்ஸ் ஆக 5 ஹென்றிக்கு மேல் காயில் தேவைப்படும், டிரான்ஸ்ஃபார்மர் அளவுக்கு இரும்பும் செம்பும். அமெரிக்க ஹாம்கள் பல வருடம் டெலிபோன் லைன்களிலிருந்து கழித்துப் போட்ட 88 மில்லி ஹென்றி டொராய்டு காயில்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஃபில்டர் கட்டியது இதனால்தான். அதோடு 700 ஹெர்ட்ஸுக்கு 0.6 மைக்ரோ ஃபாரட்டுக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டால் போதும். நல்ல ஃபில்டர்கள்தான் அவை, இப்போது அந்தக் காயிலைத் தேடிப் பிடிப்பதுதான் பெரிய வேலை.

காயிலே இல்லாமல் ரெசிஸ்டரும் கண்டென்சரும் மட்டும் வைத்துச் செய்யலாமா என்றால், செய்யலாம், ஆனால் மழுங்கலாக இருக்கும். ரெசிஸ்டர் சக்தியைத் தின்றுவிடுகிறது. வெறும் ஆர்.சி. (ரெசிஸ்டர்-கண்டென்சர்) சுற்றில் க்யூ, அதாவது நடு அதிர்வெண்ணை அகலத்தால் வகுத்து வரும் கூர்மையின் அளவு, 0.5-ஐத் தாண்டவே தாண்டாது, அது கணிதம் போட்ட எல்லை, எத்தனை அடுக்கு போட்டாலும் அப்படித்தான். இங்கேதான் ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சுற்று) வருகிறது. வெளியே வந்த சிக்னலில் ஒரு பகுதியை, சரியான கட்டத்தில் (ஃபேஸில்), மறுபடி உள்ளே கொடுத்து ரெசிஸ்டர் தின்றதை ஈடுகட்டுகிறது. காயில் செய்ய வேண்டிய வேலையை ஃபீட்பேக் செய்துவிடுகிறது. 'ஆக்டிவ்' என்பதற்கு அர்த்தம் இவ்வளவுதான். 1955-ல் எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வுக்கூடத்தில் சாலனும் கீயும் இந்த எண்ணத்தை ஒழுங்கான சுற்றுகளாக எழுதி வைத்தார்கள், அப்போது வால்வு காலம். 60-களின் கடைசியில் 741 போன்ற ஐ.சி.க்கள் வந்த பிறகுதான் அது ஹாம்களின் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

சி.டபிள்யூ.வுக்கு நமக்கு வேண்டியது பேண்ட்பாஸ், அதாவது ஒரு குறுகிய அதிர்வெண் பட்டையை மட்டும் விடும் ஃபில்டர். அதற்கு எளிமையானதும் நம்பகமானதும் மல்டிபிள் ஃபீட்பேக் என்கிற அமைப்பு. ஒரு நிலைக்கு (ஸ்டேஜுக்கு) ஒரு ஆப்-ஆம்ப், மூன்று ரெசிஸ்டர், இரண்டு கண்டென்சர். சுற்றை வாயாலேயே சொல்கிறேன், காகிதத்தில் வரைந்துகொண்டே படியுங்கள். உள்ளே வரும் சிக்னல் 68 கிலோ ஓம் வழியாக ஒரு சந்திப்புக்கு வருகிறது. அந்தச் சந்திப்பிலிருந்து 3.3 கிலோ ஓம் ஒன்று கிரவுண்டுக்கு. அதே சந்திப்பிலிருந்து 0.01 மைக்ரோ ஃபாரட் ஒன்று ஆப்-ஆம்ப்பின் மைனஸ் உள்ளீட்டுக்கு, இன்னொரு 0.01 அதன் வெளியீட்டுக்கு. வெளியீட்டிலிருந்து மைனஸ் உள்ளீட்டுக்கு 150 கிலோ ஓம். அவ்வளவுதான்.

இப்போது இது என்ன செய்கிறது என்று பாருங்கள். அதிர்வெண் மிகக் குறைவாக இருந்தால் மைனஸ் உள்ளீட்டுக்குப் போகும் கண்டென்சர் வழியை அடைத்துவிடுகிறது, சிக்னல் ஆப்-ஆம்ப்பைப் போய்ச் சேர்வதே இல்லை. அதிர்வெண் மிக அதிகமானால் வெளியீட்டிலிருந்து சந்திப்புக்கு வரும் மற்ற கண்டென்சர் கிட்டத்தட்ட ஷார்ட் ஆகிவிடுகிறது. ஆப்-ஆம்ப் தலைகீழாகப் புரட்டிய சிக்னல் நேராகச் சந்திப்புக்கே திரும்பி வந்து, வருகிற சிக்னலை அடித்து அமுக்குகிறது. நடுவில் ஒரு அதிர்வெண்ணில் இரண்டு கண்டென்சரும் தரும் கட்ட மாற்றம் ஒன்றுக்கொன்று ஈடாகி, அந்த ஒரு இடத்தில் மட்டும் சிக்னல் தடையில்லாமல் வெளியே வருகிறது. மேலே சொன்ன மதிப்புகளுக்கு அந்த இடம் சுமார் 730 ஹெர்ட்ஸ், அகலம் 212 ஹெர்ட்ஸ், க்யூ 3.5-க்குப் பக்கம், பெருக்கம் ஏறத்தாழ 1.1.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த 3.3 கிலோ ஓம்தான். அதை மட்டும் மாற்றினால் நடு அதிர்வெண் நகரும், ஆனால் அகலமும் மாறாது, பெருக்கமும் மாறாது. அகலத்தை நிர்ணயிப்பது 150 கே-யும் கண்டென்சரும் மட்டுமே, பெருக்கத்தை நிர்ணயிப்பது 150-க்கும் 68-க்கும் உள்ள விகிதம். 3.3-க்குப் பதில் 2.2 போட்டால் ஃபில்டர் 890 ஹெர்ட்ஸுக்கு ஏறும், 4.7 போட்டால் 620-க்கு இறங்கும். உங்கள் காதுக்கு எந்த ஸ்ருதி வசதியோ அதற்கு ஒரு ரெசிஸ்டரை மாற்றி வந்துவிடலாம். நிலை ஒவ்வொன்றிலும் 2.2 கே-யோடு ஒரு பிரீசெட்டை (திருகி மாற்றும் சிறிய ரெசிஸ்டரை) தொடராகப் போட்டு வைத்தால் இரண்டு நிலையையும் ஒரே இடத்தில் கொண்டு வந்து நிறுத்தவும் வசதி.

ஒரு நிலை போதாது. மேலே சொன்ன ஒற்றை நிலையில் 1000 ஹெர்ட்ஸில் இருக்கும் ஸ்டேஷன் ஏழெட்டு டெசிபெல்தான் குறையும், இன்னும் தெளிவாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதே நிலையை இன்னொன்று பின்னால் சேர்த்தால் 1000-ல் 15 டெசிபெல், 1200-ல் ஏறக்குறைய 23, கீழே 400-ல் 26 என்று குறையும். மொத்த அகலம் 137 ஹெர்ட்ஸ் ஆகும். இது நல்ல அளவு. ஒரு 8 கால் ஐ.சி.க்குள் இரண்டு ஆப்-ஆம்ப் இருப்பதால் ஒரே ஐ.சி.யில் வேலை முடிந்தது.

"அப்படியானால் ஒரே நிலையில் க்யூவை 30-க்கு ஏற்றிவிட்டால் என்ன?" என்று உடனே தோன்றும். செய்யாதீர்கள். ஒற்றை நிலை என்பது உச்சி மட்டும் கூர்மை, அடிவாரம் அகலம். க்யூவை ஏற்றினால் உச்சி இன்னும் ஊசியாகும், ஆனால் தள்ளியிருக்கும் சத்தம் சரிவில் மெதுவாகத்தான் இறங்கும். அதைவிட மோசம், குறுகலான ஃபில்டர் எதுவாக இருந்தாலும் அது நிரம்பவும் நேரமாகும், வடியவும் நேரமாகும். 730 ஹெர்ட்ஸில் க்யூ 30 என்றால் அகலம் 24 ஹெர்ட்ஸ், அடங்கும் கால மாறிலி 13 மில்லி செகண்ட். மோர்ஸில் 20 வார்த்தை வேகத்தில் ஒரு டாட்டின் நீளமே 60 மில்லி செகண்ட்தான், டாட்டுக்கும் டாட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியும் அதே 60. டாட்டின் வால் இடைவெளிக்குள் வழிந்து விளிம்புகள் மழுங்கும், வேகம் கூடக் கூட டாட்டுகள் ஒன்றோடொன்று கலக்க ஆரம்பிக்கும். 40 மீட்டரில் நம் ஊர் மழைக்காலத்தில் இன்னும் ஒரு தொல்லை சேரும். ஒவ்வொரு மின்னல் வெடிப்பும் ஃபில்டரைத் தட்டி எழுப்பும், அது தன் ஸ்ருதியிலேயே 'டிங்' என்று பதில் சொல்லும், நீங்கள் தேடும் சிக்னலின் ஸ்ருதியும் அதேதான். சத்தமும் சிக்னலும் ஒரே குரலில் பேச ஆரம்பித்தால் காதுக்கு வேறு வழியே இல்லை. க்யூ 3, 4 அளவில் இரண்டு மூன்று நிலை, அதற்கு மேல் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இரைச்சலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2400 ஹெர்ட்ஸ் அகலத்தை இந்த அளவுக்குக் குறைத்தால் இரைச்சல் கணக்குப்படி 11 டெசிபெல்லுக்கு மேல் குறைய வேண்டும். ஆனால் சிக்னல் அந்த அளவுக்கு 'மேலே வந்துவிட்டது' என்று உணர மாட்டீர்கள். காரணம், உங்கள் காதும் மூளையும் ஏற்கெனவே ஒரு ஃபில்டர். இந்த ஸ்ருதியில் சுமார் 150 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் இருப்பதைத்தான் காது ஒன்றாகச் சேர்த்துக் கேட்கிறது, பழகிய ஆபரேட்டர் எந்த ஃபில்டரும் இல்லாமலே நெரிசலில் ஒரு ஸ்டேஷனைப் பிடிப்பது அதனால்தான். ஃபில்டரின் உண்மையான லாபம் வேறு: பக்கத்து ஸ்டேஷன் விலகிப்போகிறது, மேல் ஸ்ருதி 'ஷ்ஷ்' சத்தம் போய்விடுகிறது, இரண்டு மணி நேரம் ஹெட்போனில் உட்கார்ந்தாலும் தலை வலிக்காது.

சரி, கட்டுவதற்கு வருவோம். ஐ.சி.க்கு டி.எல்.072 அல்லது என்.இ.5532, இரண்டுக்கும் கால் வரிசை ஒன்றே, 8-வது கால் பிளஸ், 4-வது கிரவுண்ட். எல்.எம்.358-ம் அதே வரிசையில் பொருந்தும், வேலையும் செய்யும், ஆனால் அதன் வெளியீட்டில் சிறிய சிக்னலில் ஒரு கரகரப்பு உண்டு, ஹெட்போனில் தெரியும். இருப்பது 12 வோல்ட் ஒற்றை சப்ளை என்பதால் பாதி வோல்ட் ஒன்றை உண்டாக்க வேண்டும். 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 கே இரண்டைத் தொடராகப் போட்டு நடுவிலிருந்து 47 மைக்ரோ ஃபாரட்டைக் கிரவுண்டுக்குக் கொடுங்கள். அந்த 6 வோல்ட்டை இரண்டு ஆப்-ஆம்ப்பின் பிளஸ் உள்ளீட்டுக்கும், அதாவது 3, 5-ம் கால்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும். அந்த 3.3 கே நேராகக் கிரவுண்டுக்கே போகலாம், ஏனென்றால் சந்திப்பிலிருந்து ஆப்-ஆம்ப்புக்குப் போகும் இரண்டு வழியிலும் கண்டென்சர் இருக்கிறது, டி.சி. அங்கே குழப்பம் செய்யாது. சப்ளை காலுக்கு ஒட்டியே ஒரு 0.1. உள்ளே வரும் வழியில் 0.1, வெளியே போகும் வழியில் 1 மைக்ரோ ஃபாரட், எலெக்ட்ரோலிடிக் என்றால் பிளஸ் பக்கம் ஐ.சி.யைப் பார்த்து.

பவர் கொடுத்ததும் மீட்டரில் 1-வது காலையும் 7-வது காலையும் பாருங்கள். இரண்டிலும் 6 வோல்ட்டுக்குப் பக்கம் இருக்க வேண்டும். 0.5 அல்லது 11 என்று காட்டினால் பயாஸ் (அந்தப் பாதி வோல்ட்) போய்ச் சேரவில்லை, அல்லது 150 கே சோல்டர் பிடிக்கவில்லை. ஆடியோ கொடுத்துப் பார்ப்பதற்கு முன்னால் இந்த ஒரு அளவை எடுத்துவிட்டால் பாதித் தலைவலி தீர்ந்தது.

கண்டென்சரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நடு அதிர்வெண் கண்டென்சரின் மதிப்பை அப்படியே பின்தொடரும்: கண்டென்சர் 10 சதவீதம் தவறினால் அதிர்வெண்ணும் ஏறக்குறைய அதே அளவு, 70 ஹெர்ட்ஸ் நகரும். மொத்த அகலமே 137 இருக்கும்போது ஒரு நிலை 730-லும் இன்னொன்று 800-லும் நின்றால் ஃபில்டர் மழுங்கிவிடும். 103 என்று அச்சிட்ட மலிவான செராமிக் டிஸ்க் வேண்டவே வேண்டாம், அதன் மதிப்பு வெயிலுக்கு ஒன்று குளிருக்கு ஒன்று. பாலியெஸ்டர் வாங்குங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் பத்துப் பத்தாகத்தான் தருவார்கள், நல்லதாகப் போயிற்று: கண்டென்சர் அளக்கும் மல்டிமீட்டரில் எல்லாவற்றையும் அளந்து, ஒன்றுக்கொன்று நெருங்கிய நான்கைப் பொறுக்குங்கள். சரியாக 0.01 ஆக இருப்பது முக்கியமில்லை, நான்கும் ஒன்றுபோல இருப்பதுதான் முக்கியம். ரெசிஸ்டர் 1 சதவீத மெட்டல் ஃபிலிம்.

எங்கே நுழைப்பது? வால்யூம் பொட்டுக்கு (வால்யூமைக் கூட்டிக் குறைக்கும் திருகிக்கு) வரும் வயரில், பொட்டுக்கு முன்னால். பலரும் பொட்டின் நடுக்காலுக்கும் ஆடியோ ஆம்ப்ளிபையருக்கும் நடுவில் போடுகிறார்கள், அதுவும் வேலை செய்யும், ஆனால் அங்கே நீங்கள் வால்யூமைக் குறைத்தாலும் ஃபில்டரின் சொந்த இரைச்சல் குறையாது, பின்னால் இருக்கும் ஆம்ப்ளிபையர் அதை முழுசாகப் பெருக்கித் தரும். பொட்டுக்கு முன்னால் போட்டால் இரண்டும் சேர்ந்தே குறையும். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் சேர்த்து மாற்றும் ஒரு இரட்டை டாகிள் ஸ்விட்ச் கட்டாயம் வையுங்கள். அகலமாக வைத்துத் தேட வேண்டும், கிடைத்ததும் குறுக்க வேண்டும், 137 ஹெர்ட்ஸ் ஜன்னல் வழியாக பேண்டைத் தேடுவது யாராலும் ஆகாது. ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: 40 மீட்டரில் உங்கள் ரேடியோ எல்.எஸ்.பி.யில் (கீழ்ப் பக்கப்பட்டையில்) கேட்கிறது, ஸ்டேஷன் 730 ஹெர்ட்ஸ் ஸ்ருதியில் விழ டயல் அந்த ஸ்டேஷனுக்கு 730 ஹெர்ட்ஸ் மேலே நிற்க வேண்டும்.

சோதிக்க பெரிய கருவி வேண்டாம். போனில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றைப் போட்டு, ஹெட்போன் ஜாக்கிலிருந்து ஃபில்டருக்குக் கொடுத்து, வெளியீட்டை மல்டிமீட்டரின் ஏ.சி. வோல்ட்டில் பாருங்கள். 500-லிருந்து 1000 வரை மெதுவாக ஏற்றினால் ஊசி எங்கே உச்சிக்கு ஏறுகிறது என்று தெரியும். பிரீசெட் போட்டிருந்தால் முதல் நிலையின் 1-வது காலில் ஒரு முறை, இரண்டாவதன் 7-வது காலில் ஒரு முறை.

இப்போது அது செய்யாத வேலைக்கு வருகிறேன், ஏனென்றால் ஏமாற்றம் எல்லாம் இங்கேதான். ஆடியோ ஃபில்டர் வரிசையின் கடைசியில் நிற்கிறது. அதற்கு முன்னால் மிக்ஸரோ ஐ.எஃப். ஆம்ப்ளிபையரோ பலமான சிக்னலில் திணறி உருக்குலைந்தால், அந்தக் கழிவில் ஒரு பகுதி 730 ஹெர்ட்ஸிலேயே வந்து விழும், ஃபில்டர் அதை மரியாதையாக உள்ளே விட்டுவிடும். மாலையில் 7.2-க்கு மேலே ஒலிபரப்பு நிலையங்கள் பலமாக வரும் நேரத்தில் பேண்ட் முழுக்க முணுமுணுப்பு கேட்டால் அதற்கு மருந்து ஆடியோவில் இல்லை, ஆண்டெனாவுக்குப் பின்னால் ஒரு அட்டெனுவேட்டரில் (சிக்னலைக் குறைக்கும் சுற்றில்) இருக்கிறது. ஏ.ஜி.சி. (சிக்னல் பலத்துக்கு ஏற்பப் பெருக்கத்தைத் தானே சரிசெய்யும் சுற்று) உள்ள ரேடியோக்களில் இன்னொரு சிக்கல்: 1 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஒரு பெரிய ஸ்டேஷன் கீ அடித்தால், கிரிஸ்டல் ஃபில்டர் அதை உள்ளே விடும், ஏ.ஜி.சி. அதைப் பார்த்துப் பெருக்கத்தைக் குறைக்கும், ஆடியோ ஃபில்டர் அதை உங்கள் காதிலிருந்து மறைத்துவிடும். நீங்கள் கேட்கும் பலவீனமான சிக்னல் மட்டும் காரணமே தெரியாமல் மூழ்கி மூழ்கி எழும். பிட்எக்ஸ்40-ல் அசலாக ஏ.ஜி.சி. இல்லை என்பதால் இந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை. பின்னால் ஏ.ஜி.சி. சேர்த்தால், அது சிக்னலை ஃபில்டருக்குப் பிறகு பார்க்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

டைரக்ட் கன்வெர்ஷன் ரிசீவர் கட்டும் யோசனை இருந்தால் கணக்கே வேறு. 1968-ல் வெஸ் ஹேவார்டும் டிக் பிங்காமும் எழுதிக் காட்டிய பிறகு பரவிய அந்த ரிசீவரில் ஐ.எஃப். கிடையாது, கிரிஸ்டல் ஃபில்டர் கிடையாது, பக்கத்து ஸ்டேஷனைப் பிரிப்பது முழுக்க ஆடியோ ஃபில்டரின் பொறுப்பு. அங்கே ஃபில்டர் கடைசியில் சேர்க்கும் துணைச் சாமான் இல்லை, பெரிய பெருக்கத்துக்கு முன்னாலேயே நிற்க வேண்டிய முதல் ஆள், ஐ.சி.யும் என்.இ.5532 போல இரைச்சல் குறைந்ததாக இருக்க வேண்டும். ஆனால் அங்கேயும் ஒன்று முடியாது: டயலுக்கு 730 மேலே இருப்பவரும் 730 கீழே இருப்பவரும் ஆடியோவில் ஒரே ஸ்ருதிதான். அவர்களை எந்த ஆடியோ ஃபில்டராலும் தனியாகப் பிரிக்க முடியாது.

பேச்சுக்கும் ஏதாவது செய்யலாமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பேச்சுக்கு பேண்ட்பாஸ் வேண்டாம், மேல் ஸ்ருதியை வெட்டும் லோ பாஸ் போதும். சாலன்-கீ அமைப்பில் இரண்டு நிலை, அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் எல்லா ரெசிஸ்டரும் 6.8 கே, எல்லா கண்டென்சரும் 0.01 என்று வைத்தால் 2300 ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேலே வெட்டும். முதல் நிலையின் பெருக்கம் 1.15, அதற்கு 1.5 கே-யும் 10 கே-யும். இரண்டாவது 2.2, அதற்கு 12 கே-யும் 10 கே-யும். பட்டர்வொர்த் வளைவுக்கு (வெட்டும் இடம் வரை தட்டையாகப் போகும் வளைவு) இது மிக நெருக்கம், வெட்டுக்கு மேலே அதிர்வெண் இரட்டிக்கும்போது 24 டெசிபெல் குறையும். பிட்எக்ஸின் கிரிஸ்டல் ஃபில்டர் ஏற்கெனவே இதே வேலையைச் செய்திருப்பதால், பின்னால் வரும் ஆடியோ நிலைகளின் 'ஷ்ஷ்' மட்டும்தான் குறையும். அதற்காக முதலில் இதைக் கட்ட வேண்டாம், சி.டபிள்யூ. ஃபில்டரை முடியுங்கள்.

எஃப்.டி.8 (கம்ப்யூட்டர் வழியாக அனுப்பி வாங்கும் டிஜிட்டல் முறை) போடும்போது மட்டும் ஸ்விட்சை பைபாஸில் வைத்துவிடுங்கள். அந்த மென்பொருள் முழு ஆடியோ அகலத்தையும் ஒரே நேரத்தில் பார்த்துத் தானே பிரிக்கிறது, நம் ஃபில்டர் நடுவில் நின்றால் மற்ற எல்லா ஸ்டேஷனையும் அதன் கண்ணிலிருந்து மறைத்துவிடும்.